உறைக்குள் மூன்று ராஜாக்கள்

நீலசந்திரா, பெங்களூரு
22 ஜூன் 2024

அன்புள்ள கேத்தி அக்காவுக்கு,

டோரீன் எழுதுவது. நானும் டென்சிலும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கொள்ளேகாலுக்கு அப்பால் அந்த மலைமேல் ஃபோன் எடுக்கிறதோ இல்லையோ, தபால்காரராவது வாரத்தில் இரண்டு தடவை ஏறி வருகிறாரே, அந்த மட்டும் புண்ணியம். ஃபோனில் பேசினால் பாதியிலேயே கோபம் வந்து வைத்துவிடுவேன் என்பாய். கடிதத்தில் கோபத்தை முழுசாகச் சொல்லலாம்.

பள்ளிக்கூடம் திறந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் நிர்வாக அலுவலகத்திலிருந்து ஒரு புதுத் தலைவலி. எட்டாம் வகுப்பு முழுக்க ‘இணையத் தேடல் திட்டம்’ செய்ய வேண்டுமாம். ஒரு கேள்வி கொடுக்க வேண்டும். பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து வெப்சைட்டுகளைத் தேடிப் படித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சொந்தமாக விடை எழுத வேண்டும். அக்டோபர் 25-ஆம் தேதி கண்காட்சி. இதற்கு எங்களுக்கு அரை நாள் பயிற்சி. பயிற்சி கொடுக்க வந்த பையனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. “மேடம், நீங்க பாடமே நடத்த வேணாம். பக்கத்துல நின்னு வழி காட்டுங்க, போதும்” என்றான். நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு எந்தப் பக்கத்தில் நிற்பது என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டான்.

அவர்கள் கொடுத்த கேள்வி எரிமலையைப் பற்றி. ஈஜிபுராவில் குடத்தைத் தூக்கிக்கொண்டு டேங்கர் பின்னால் ஓடுகிற பிள்ளைக்கு எரிமலை எதற்கு? மாற்றிவிட்டேன். ‘நம் தெருவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?’ ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் லீனா தயங்கித் தயங்கித் தலையாட்டினார்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், திட்டுவது ஒரு பக்கம், எனக்கு ஆசையாகவும் இருக்கிறது. இந்தத் திட்டத்தை ஒழுங்காகச் செய்து முடித்தால் என் வேலையை நிரந்தரமாக்கும் ஃபைலை இந்த வருடம் மேலே அனுப்புவதாகக் கரஸ்பாண்டன்ட் ஃபாதர் ரெமிஜியஸ் சொல்லியிருக்கிறார். ஒன்பது வருடம் ஆகிறது, அக்கா.

நீ இங்கே ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்தபோது திறந்து வைத்த கம்ப்யூட்டர் லேப் இருக்கிறதே, மாதா நீலத்தில் உறை போட்ட இருபது கம்ப்யூட்டர், அதன் சாவியைக் கேட்கப் போகிறேன். விசிட்டர் வந்தால் மட்டும் திறக்கிற அறையைப் பிள்ளைகளுக்காக ஒரு நாள் திறக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை,
டோரீன்


மலை ஆசிரமம்
6 ஜூலை 2024

அன்புத் தங்கை டோரீனுக்கு,

இயேசுவின் சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். உன் கடிதத்தைக் கவலையும் சிரிப்புமாகப் படித்தேன். முழங்கால் மழைக்கு முனகுகிறது, அவ்வளவுதான். டென்சிலுக்கு என் ஆசீர். நல்ல புருஷன், அவனை ரொம்ப விரட்டாதே.

இங்கே எங்கள் பள்ளியில் ஐந்து வகுப்பு, மூன்று அறை. பிள்ளைகள் தேன் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நல்ல தேன். யாராவது பெங்களூருக்கு வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

தண்ணீரைப் பற்றிய கேள்வி ரொம்ப நல்லது. ஆனால் அதற்குக் கம்ப்யூட்டரே வேண்டும் என்று இல்லையே. பழைய பத்திரிகைகளைக் கொடு, படம் வெட்டி ஒட்டட்டும். சாவிக்காக அலையாதே. அந்த மிஷின்கள் பழசாகியிருக்கும், பிள்ளைகள் கையை வைத்து ஏதாவது ஆனால் உன் தலையில் விழும். நிரந்தரமாகப் போகிற வருடத்தில் வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே.

ஜெபத்தில் உன்னை நினைக்கிறேன்.

அக்கா,
சிஸ்டர் கேத்தரின்


நீலசந்திரா
20 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும். தேன் வந்தால் வரட்டும், இப்போது என் வாயில் எதை வைத்தாலும் கசக்கும்.

ஓணானை மடியில் விட்டுக்கொண்டுவிட்டேன். சாவிக்கு ஒன்பது நாள் அலைந்தேன். கிளார்க் ராஜேந்திரன், “மொதல்ல சாவி ரிஜிஸ்டர்ல சைன் போடுங்க மேடம்” என்றார். போட்டேன். எனக்கு முன்னால் அந்தப் பக்கத்தில் ஒரு பெயரும் இல்லை.

முதலில் தனியாகப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஆசை யாரை விட்டது? நாற்பத்திரண்டு பேரையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகள் செருப்பைக்கூட வாசலில் கழற்றி வைத்தார்கள். உள்ளே அந்த நீல உறைகள், ஓரத்தில் வெள்ளை நூலில் அல்லிப்பூ. ஒன்று, இரண்டு, மூன்று என்றேன். எல்லாரும் ஒரே நேரத்தில் உறையைத் தூக்கினார்கள்.

அக்கா, ஆறு கம்ப்யூட்டர்தான் உயிரோடு இருக்கிறது. ஆறு செத்துப்போனது, அதில் ஒன்றுக்குள் எலி குட்டி போட்டு வளர்த்திருக்கிறது. மீதி எட்டு உறைக்குக் கீழே அட்டைப்பெட்டி! பிஸ்கட் பெட்டி, பினாயில் பெட்டி, பழைய வினாத்தாள் கட்டி வைத்த பெட்டி. பெட்டிக்கு அளவாக உறை போட்டு, ஓரத்தைக்கூட நீவி விட்டிருக்கிறார்கள். ஜாய்சன் என்கிற பையன் தூக்கிய உறைக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்தால், வைக்கோலுக்குள் கிறிஸ்துமஸ் குடிலில் குழந்தை இயேசுவைப் பார்க்க வருகிற மூன்று ராஜா பொம்மைகள்! இரண்டு வருடமாக ராஜாக்கள் இல்லாமலே குடில் வைக்கிறோமே, முதல் தடவை “இன்னும் வழியில வந்துக்கிட்டிருக்காங்க” என்று நீகூடப் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்தாயே, அவர்கள் கம்ப்யூட்டராக வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பெற்றவர்களிடம் பள்ளியைக் காட்டும்போதெல்லாம் இந்த அறையின் வாசலில் நின்று நானே கையை நீட்டிக் காட்டியிருக்கிறேன்.

இன்டர்நெட் ஒயர் சுவர் வரை வந்து சுவரிலேயே நின்றுவிடுகிறது. என் ஃபோனிலிருந்து இணைப்புக் கொடுத்துப் பார்த்தும், உயிரோடு இருக்கிற ஆறிலும் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை, அவ்வளவு பழைய மென்பொருள். என் ஃபோனை வைத்துத்தான் நடத்தப் போகிறேன். பள்ளிக்குள் ஃபோன் கூடாது என்று விதி இருக்கிறது, தெரியும். சிஸ்டர் லீனாவிடம் சொன்னேன். “நான் பாக்கல” என்றார்.

இதையெல்லாம் வாங்கி வைத்தது யார், எண்ணியது யார்? உனக்கு நினைவிருந்தால் எழுது.

டோரீன்


நீலசந்திரா
9 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

மூன்று வாரம் ஆகிறது, பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மலையில் மழை அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள். ஒரு கார்டாவது போடு.

திட்டம் நடக்கிறது, நொண்டி நொண்டி. ஏழு குழு, ஒரு ஃபோன், குழுவுக்கு ஆறு நிமிடம். நடுவில் டென்சில் மெசேஜ் அனுப்புகிறார். ‘மட்டன் வாங்கவா, உனக்கு வாயு இன்னும் இருக்கா?’ அதை ஒரு குழு சத்தமாக வாசித்து, தண்ணீருக்கும் வாயுவுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னையே கேட்டது.

வீட்டில் தேடி வரச் சொன்னால், பையனுக்கு ஃபோன் கிடைக்கிறது, பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. ஜாய்சன் குழு நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்தது. முத்து முத்தான கையெழுத்து. நடுவில், ‘மேலும் படிக்க இங்கே அழுத்தவும்’ என்று அதையும் பேனாவால் எழுதி, கீழே ஸ்கேல் வைத்துக் கோடு வேறு போட்டிருக்கிறார்கள். அழுவதா சிரிப்பதா? சொல்லிக்கொடுக்க எனக்கு ஆறு நிமிடம். பயிற்சி கொடுத்த அந்தப் பையனை ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் வகுப்பில் நிறுத்த வேண்டும்.

ஆனால் பார்கவி என்று ஒரு பெண் இருக்கிறாள். ஈஜிபுராவில் வீடு, அம்மா அடுக்குமாடி வீடுகளில் சமைக்கிறார். அவள் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாய்த் தண்ணீர் வருவதாக ஏதோ ஒரு வெப்சைட்டில் போட்டிருந்தது. இவள் மூன்று வாரம் நோட்டில் குறித்து வைத்தாள். நான்கு நாள்தான் வந்தது. என்னிடம் வந்து நின்றாள்.

“மிஸ், இத எழுதுனவங்க எங்க தெருவுக்கு வந்து பாத்தாங்களா?”

“ஆபீஸ்ல உக்காந்து எழுதியிருப்பாங்கம்மா.”

“அப்ப நான் எத எழுதறது மிஸ்? அதுல இருக்கறதயா, நான் பாத்ததயா?”

திட்டத் தாளில் ஒவ்வொரு விடைக்கும் ‘ஆதாரம்’ என்று ஒரு கட்டம். அதில் வெப்சைட் முகவரிதான் போட வேண்டும் என்று விதி. நீ பார்த்ததை எழுது, கட்டத்தில் உன் பெயரைப் போடு, எழுதியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டேன். தப்பா?

பதில் போடு.

டோரீன்


மலை ஆசிரமம்
29 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு,

சமாதானம். பாதை சரிந்து பத்து நாள் பஸ் வரவில்லை. எனக்கும் காய்ச்சல். இப்போது கஞ்சி குடிக்கிறேன். கவலைப்படாதே.

ஃபோனைப் பள்ளிக்குக் கொண்டுபோகாதே. தயவுசெய்து சொல்கிறேன். உடைந்ததை நீதான் ஊருக்குக் காட்ட வேண்டும் என்று இல்லை. அந்தப் பெண் பார்கவி கெட்டிக்காரி போலிருக்கிறது. அவளை வெப்சைட்டில் இருப்பதையே எழுதச் சொல், அவளுக்கும் உனக்கும் அதுதான் நல்லது.

மாதா திருநாளுக்கு சிவாஜிநகர் போவாய்தானே? எனக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்று. பெரியதாக வாங்கு.

அக்கா


நீலசந்திரா
11 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டதா? மாதா திருநாளுக்குப் போனோம். கூட்டத்தில் டென்சிலின் செருப்பு போயிற்று. உனக்குப் பெரிய மெழுகுவத்தியே ஏற்றினேன்.

மறுநாள் எனக்கு மெமோ.

யாரோ ஒரு பெற்றோர், ‘கிளாஸில் மிஸ் ஃபோன் கொடுக்கிறார்’ என்று எழுதிப் போட்டிருக்கிறார். ஃபாதர் ரெமிஜியஸ் கூப்பிட்டார். லேப் இருக்கும் லட்சணத்தைச் சொன்னேன். அவர் ஸ்டாக் ரிஜிஸ்டரை மேசைமேல் தட்டினார். “இருபது கம்ப்யூட்டர், எல்லாம் ஓடுது, இன்டர்நெட் இருக்குன்னு ரெக்கார்ட் சொல்லுது டீச்சர். நீங்க பன்னெண்டுதான் இருக்குன்னு சொல்றீங்க. அப்ப மீதி எங்க போச்சு?” என்றார். அதோடு நிற்கவில்லை. “சாவி ரிஜிஸ்டர்ல இருக்கற ஒரே பேரு உங்களுதுதான்.”

புரிகிறதா அக்கா? விதியை மீறி ஃபோன் கொடுத்தது ஒரு குற்றம். எட்டுக் கம்ப்யூட்டர் காணாமல் போனது இன்னொரு குற்றம். அதையும் என் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். நான் திருடியாம்! எட்டுக் கம்ப்யூட்டரை டிஃபன் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேனாம்! நாற்பத்திரண்டு பிள்ளைகள் சாட்சி என்றேன். பிள்ளைகள் பேச்சை எடுத்துக்கொள்ள முடியாதாம். அக்டோபர் 25-க்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அதுவரை என் ஃபைல் அவர் மேசையை விட்டு நகராது. விளக்கம் சரியில்லை என்றால் நிரந்தரம் இருக்கட்டும், இருக்கிற வேலையும் இல்லை.

அந்த ரிஜிஸ்டரை என் கையில் தரவில்லை. ஆனால் லேப் திறந்தபோது ஹெட்மிஸ்ட்ரஸ் நீதான். அங்கே என்ன இருந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஃபாதருக்கு ஒரே ஒரு வரி எழுது, ‘இருபது என்பது தவறு’ என்று. அது போதும். உன் கையைக் காலாக நினைத்துக் கேட்கிறேன்.

டோரீன்


மலை ஆசிரமம்
27 செப்டம்பர் 2024

என் அன்புத் தங்கைக்கு,

சமாதானம். உன் கடிதத்தை மாதா சுரூபத்தின் காலடியில் வைத்து ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொன்னேன். அதனால்தான் தாமதம். சோதனை வரும்போது பொறுமை வேண்டும் டோரீன். சின்ன வயதிலிருந்தே உனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

ஃபாதர் ரெமிஜியஸ் கடினமாகப் பேசினாலும் மனசு நல்லவர். ஃபோன் கொடுத்தது தப்புதான் என்று போய் மன்னிப்புக் கேட்டுவிடு. பணிந்து போனால் மற்ற விஷயத்தைக் கிளற மாட்டார்கள். அப்படியே அடங்கிவிடும்.

இத்துடன், சோதனையில் துணை நிற்கிற ஒரு அர்ச்சிஷ்டர் படம் வைத்திருக்கிறேன். தலையணைக்குக் கீழே வை. தேன் ஒரு பாட்டில் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அக்கா


நீலசந்திரா
4 அக்டோபர் 2024

மரியாதைக்குரிய சிஸ்டர் கேத்தரின் அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள். நவநாள் சொல்கிறவர்களுக்கு என்ன குறை?

நேற்று தசரா விடுமுறை தொடங்கியது. எல்லாரும் போனபிறகு ராஜேந்திரன் அந்த ஸ்டாக் ரிஜிஸ்டரை மேசைமேல் விரித்து வைத்துவிட்டு, “நான் டீ குடிக்கப் போறேன் மேடம். நான் எதையும் காட்டல” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஒரு பக்கத்தில் இரண்டு கையெழுத்து. ஆகஸ்ட் 2022, திறப்பு விழா. ‘கம்ப்யூட்டர் இருபது.’ மார்ச் 2023, வருடக் கணக்கு. ‘இருபது, அனைத்தும் இயங்குகின்றன, இணைய வசதி உண்டு.’ இரண்டும் தங்கள் கையெழுத்து. சி-யின் வாலைச் சுழித்துப் போடுவீர்களே, அந்த அழகுகூட மாறவில்லை. என் முதல் ரேங்க் கார்டில் அப்பாவுக்குப் பதில் தாங்கள் போட்ட அதே கையெழுத்து.

ஆகஸ்டில் தெரியாமல் போட்டதாகவே இருக்கட்டும். மார்ச்சில்? நடுவில் ஒரு கிறிஸ்துமஸ் வந்தது. ராஜாக்கள் இல்லாத கிறிஸ்துமஸ். வழியில் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று சிரித்தீர்களே, அவர்கள் எந்தப் பெட்டியில் இருந்தார்கள் என்று அப்போதே தெரியும், இல்லையா?

நான் சாவிக்கு அலைந்தது தெரியும். திருடி என்று பெயர் வாங்கியது தெரியும். ஒரு வரி கேட்டேன். அர்ச்சிஷ்டர் படம் வந்தது. படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒன்பது வருடமாக டீச்சர் ரூமில் என்னைச் ‘சிஸ்டரோட தங்கச்சி’ என்றார்கள். தங்களால் வேலை கிடைத்தது என்றார்கள். இனித் தங்களால் வேலை போயிற்று என்பார்கள்.

விளக்கத்தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பெயர் எழுத வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். பதில் தேவையில்லை.

டோரீன் டென்சில்


மலை ஆசிரமம்
15 அக்டோபர் 2024

டோரீனுக்கு,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கம்பெனி இருபது தருவதாகச் சொன்னது. அதை நம்பித் தையல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இருபது உறை தைக்கச் சொன்னேன். இரண்டு மாதம், மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுத் தைத்தார்கள். முதல் நடையில் பன்னிரண்டு வந்தது. மீதி விழாவுக்கு முன்னால் வந்துவிடும் என்றார்கள். விழா அன்று காலை நான் பிஷப்பை வரவேற்கக் கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். மீதி வரவே இல்லை, அது எனக்குத் தெரியாது. பிள்ளைகள் தைத்த உறை வீணாகக் கூடாது, போட்டோவில் எட்டு மேசை வெறுமையாகத் தெரியக் கூடாது என்று தையல் டீச்சர் பெட்டிகளை வைத்து உறை போட்டுவிட்டார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. நான் வாசலில் நின்று உறைகளை எண்ணினேன். இருபது. கையெழுத்துப் போட்டேன். உறையை எண்ணினேன் டோரீன், கம்ப்யூட்டரை எண்ணவில்லை. எவ்வளவு அழகாக இருந்தது என்றுதான் பார்த்தேன்.

டிசம்பரில் குடில் பொம்மைகளைத் தேடிக்கொண்டு லேப்புக்குப் போனேன். தூக்கிய உறைக்குக் கீழேயே ராஜாக்கள். பக்கத்து உறையைத் தூக்கினேன். அதற்கடுத்ததையும் தூக்கினேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? ராஜாக்களை எடுத்தால் பெட்டி போய்விடும், உறை தொங்கிப்போகும். அப்படியே வைத்து மூடினேன். ஓரத்தை நீவி விட்டேன். இருபது என்பது பிஷப் முன்னால் நானே மைக்கில் சொன்ன எண். மார்ச்சில் அதே எண்ணையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல் கையெழுத்து தப்பு. இரண்டாவது பொய்.

உன்னைத் திருடி என்கிறார்கள் என்று படித்தபோதுகூட எனக்கு முதலில் தோன்றியது, என் பெயர் வெளியே வந்துவிடக் கூடாது என்பதுதான். இதை எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் எந்தக் குருவிடமும் இன்னும் நான் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

ஃபாதருக்கு எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். மூன்று தாளையும் கிழித்துவிட்டேன். பெயர் எழுதும் இடத்தை நீ ஏன் விட்டுவைத்தாய்?

கேத்தி


நீலசந்திரா
30 நவம்பர் 2024

அக்கா,

இங்கே சுகம். டென்சிலுக்குச் சளி. உன் முழங்காலைப் பற்றிக் கேட்கக்கூட எனக்குக் கோபம் வருகிறது. ஏழு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த கால்தானே அது? அதே நாள் மூன்று மணி பஸ்ஸில் திரும்பியும் போயிருக்கிறது. மாடியில் உன் தங்கை நிற்கிறாள் என்று தெரிந்தும் ஏறி வரவில்லை. ஒரு டீ குடித்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? இந்தக் கோபத்தில்தான் ஒரு மாதம் எழுதவில்லை.

கண்காட்சி அன்றைக்கு நான் மாடியில் விசிட்டர்களிடம் பார்கவியின் சார்ட்டைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவளே மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“மிஸ், நம்ம பழைய சிஸ்டர் வந்திருக்காங்க. கீழ லேப்ல எல்லா ஒறையயும் எடுத்துட்டாங்க. ஃபாதர் ‘என்ன சிஸ்டர் இது, கெஸ்ட் இருக்காங்க’ன்னாரு. அவங்க ஒண்ணொண்ணா மடிச்சு வெச்சுக்கிட்டே, ‘எண்ணிக்கங்க ஃபாதர், அந்த ரிஜிஸ்டர்ல இருக்கறது என் சைன். டோரீன் டீச்சர் எடுக்கல. எடுக்கறதுக்கு இங்க ஒண்ணுமே இல்ல’ன்னாங்க மிஸ். சத்தமாவே சொன்னாங்க. எல்லாரும் கேட்டாங்க.”

நான் கீழே இறங்கி வந்தபோது மேசைமேல் இருபது உறை மடித்து அடுக்கி இருந்தது. பக்கத்தில் ஒரு பாட்டில் தேன். நீ இல்லை.

மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஏன் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை, மன்னிப்பும் இல்லை. ஃபைல் மேலே போய், நேற்று ஆர்டர் வந்துவிட்டது. நான் இப்போது நிரந்தரம். டீச்சர் ரூமில் லட்டு கொடுத்தேன். அப்போதுதான் சிஸ்டர் லீனா சொன்னார், உன்னை அங்கே பள்ளிப் பொறுப்பிலிருந்து எடுத்துச் சமையலறையில் போட்டுவிட்டார்கள் என்று. உனக்கு ரசமே வைக்க வராதே அக்கா! அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? என் பங்கு லட்டைத் திரும்ப டப்பாவிலேயே வைத்துவிட்டேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயர் எழுதும் இடத்தை ஏன் விட்டுவைத்தாய் என்று கேட்டாய். கண்காட்சிக்கு முதல் நாள், அக்டோபர் 24-ஆம் தேதி மாலை அதை நிரப்பிவிட்டேன். உன் பெயரை முழுசாக எழுதினேன். நீ பார்த்ததை எழுது, எழுதியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, மறுநாள் அவள் முகத்தில் எப்படி முழிப்பது? நீ வந்து நின்றபோது அந்தத் தாள் என் பையில் இருந்தது. நீ வராமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீயும் என்னிடம் கேட்காதே. தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

லேப் சாவி இப்போது என்னிடம். ஆறு மிஷினுக்கும் உறை போடுவதில்லை. தூசி படிகிறது, பிள்ளைகள் தினமும் துடைக்கிறார்கள். இன்டர்நெட் ஒயர் இன்னும் சுவரோடுதான் நிற்கிறது. தினம் ஒரு தடவை ஃபாதரிடம் போய்க் கேட்கிறேன். என்னைக் கண்டால் அவர் வேறு வழியாகப் போகிறார்.

உறைகளைப் பிரித்து, அந்தத் துணியைக் குடிலுக்கு வானமாகக் கட்டினோம். இந்த வருடம் மூன்று ராஜாக்களும் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கிரீடம் உடைந்திருந்தது, ஜாய்சன் ஒட்டினான். ஒட்டிக்கொண்டே கேட்டான், “ஏன் மிஸ், இவங்க வர இவ்ளோ லேட்டு?”

வழி கொஞ்சம் தூரம்டா என்று சொன்னேன்.

முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். இரண்டு வேளை தடவு.

உன் தங்கை,
டோரீன்